மாலை போட்டால் விட முடிகிறது, கழற்றினால் ஏன் முடியவில்லை?

கேள்வி: டொக்டர், எனக்கு 37 வயது. புறக்கோட்டையில் ஒரு மொத்தச் சாமான் கடையில் கணக்குப் பார்க்கிறேன், வீடு வெள்ளவத்தையில். 18 வயதில் தொடங்கிய சிகரெட் இப்போது ஒரு நாளைக்கு 12 வரைக்கும் போகிறது. நாலு வருடமாக சபரிமலைக்கு மாலை போடுகிறேன். அந்த 41 நாளும் ஒன்றுகூடத் தொட மாட்டேன், பெரிய கஷ்டமாகவும் இருக்காது. ஆனால் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று பின்னேரமே திரும்பவும் பற்றவைத்துவிடுகிறேன். மகளுக்கு ஐந்து வயது, அடிக்கடி இழுப்பு வருகிறது. மனைவி “சாமிக்காக விடத் தெரிகிறது, பிள்ளைக்காக விடத் தெரியவில்லையா” என்று கேட்கிறார், என்னிடம் பதில் இல்லை. அடுத்த கார்த்திகைக்கு மாலை போடும்போது அப்படியே நிரந்தரமாக விடலாம், அதுவரை குறைத்துக்கொண்டு வரலாம் என்று யோசிக்கிறேன். திடீரென்று விட்டால் உடம்புக்குக் கூடாது என்று கடையில் சொல்கிறார்கள். மாலை இல்லாத நாட்களில் ஆசை வந்தால் தலை வெடிக்கிற மாதிரி இருக்கும். அதற்கு என்ன செய்வது?

பதில்:

தம்பி, உங்கள் மனைவியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், உங்களை ஆகக் கூடுதலாக வருத்துவது அதுதான் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சாமியில் இருக்கிற அன்பு பிள்ளையில் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. மனவுறுதி இல்லை என்றும் இல்லை. நாலு வருடம் தொடர்ந்து 41 நாள் ஒன்றுகூடத் தொடாமல் இருந்த ஆளை அப்படி யாரும் சொல்ல முடியாது. முதல் நாளையே தாண்ட முடியாமல் கண் கலங்கி என் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது, அதைச் சரியாகப் பிடித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

முதலில் உடம்பின் கணக்கைப் பாருங்கள். சிகரெட்டை உறிஞ்சிய சில விநாடிகளிலேயே நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது, பிறகு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரத்தத்தில் அதன் அளவு பாதி பாதியாகக் குறைகிறது. விட்டவருக்கு எரிச்சல், நித்திரைக் குழப்பம், எதிலும் மனம் ஒட்டாமை எல்லாம் வருவது அதனால்தான். இரண்டாம் மூன்றாம் நாட்கள் ஆக மோசம், அதற்குப் பிறகு இறங்கத் தொடங்கி இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படிப் பார்த்தால் 41 நாள் என்பது உடம்புக்குத் தாராளம். ஒவ்வொரு வருடமும் நீங்கள் மலையில் நின்று நெய்யபிஷேகம் பார்க்கும்போது உங்கள் உடம்பு நிக்கோட்டினை மறந்து முடித்திருக்கிறது. மாலையைக் கழற்றிய பின்னேரம் சிகரெட் கேட்டது உடம்பு இல்லை.

அப்போ எது? இஸ்ரேலில் விமானப் பணியாளர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2010 இல் வெளியானது. எல்லோரும் சிகரெட் பிடிப்பவர்கள், விமானத்துக்குள் பிடிக்க முடியாதவர்கள். ஐரோப்பாவுக்குப் போகிற குறுகிய பயணத்திலும் நியூயோர்க் போகிற நீண்ட பயணத்திலும் எந்த நேரத்தில் எவ்வளவு ஆசை வருகிறது என்று அவர்களிடமே கேட்டுப் பதிந்தார்கள். கடைசிச் சிகரெட்டிலிருந்து எவ்வளவு நேரம் போயிருக்கிறதோ அவ்வளவு ஆசை இருக்க வேண்டும் என்றுதானே நாங்கள் நினைப்போம்? அப்படி இல்லை. குறுகிய பயணம் முடிகிற நேரத்தில் இருந்த ஆசை, நீண்ட பயணத்தில் அதே அளவு மணித்தியாலம் கழிந்த இடத்தில் இருந்ததைவிட மிக அதிகம். தரை இறங்கப் போகிறோம், இன்னும் கொஞ்சத்தில் பற்றவைக்கலாம் என்கிற எண்ணம்தான் ஆசையை ஏற்றியிருக்கிறது.

இதை நீங்களே நாளைக்குப் பார்க்கலாம். கடை மூடிப் புறக்கோட்டையில் பஸ் ஏறி, காலி வீதி நெரிசலில் முக்கால் மணித்தியாலம் உட்கார்ந்திருக்கும்போது சிகரெட் ஞாபகம் பெரிதாக வராது. பம்பலப்பிட்டி தாண்டி இறங்குகிற இடம் கிட்ட வரவரத்தான் கை சட்டைப் பையைத் தேடும். உங்கள் தெருவில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நண்பர்களிடமும் கேட்டுப் பாருங்கள், நோன்பு காலத்தில் பகல் முழுக்கச் சும்மா இருக்கிறவருக்கு நோன்பு திறக்கிற நேரம் நெருங்க நெருங்கத்தான் அந்தரம் கூடும். கிடைக்கவே கிடைக்காது என்று மனம் ஏற்றுக்கொண்ட நேரத்தில் ஆசை படுத்துவிடுகிறது, கிடைக்கும் என்கிற வாசல் கொஞ்சம் திறந்தாலும் எழும்பி உட்கார்ந்துவிடுகிறது. உங்களுக்கு மாலை நாட்களில் கஷ்டம் தெரியாததும் மற்ற நாட்களில் தலை வெடிப்பதும் இதனால்தான், இரண்டும் ஒரே ஆளின் ஒரே மூளைதான்.

மாலை உங்களுக்குச் செய்து தந்ததை வடிவாக யோசித்துப் பாருங்கள். காலையில் குளிர்ந்த தண்ணீரில் முழுக்கு, கறுப்பு வேட்டி, பின்னேரம் கோயிலில் பஜனை, கூட இன்னும் பத்துச் சாமிமார். கடையில் யாரும் உங்களிடம் சிகரெட் நீட்டுவதில்லை, “சாமி” என்று கூப்பிட்டுத் தள்ளி நிற்கிறார்கள். முக்கியமாக, ‘இப்ப ஒன்று பிடிக்கலாமா’ என்கிற கேள்வியே அந்த நாட்களில் உங்களுக்குள் எழுவதில்லை. எழாத கேள்வியோடு சண்டை பிடிக்கத் தேவையில்லைதானே. மாலையில் இருந்த ஒரே குறை, அது எந்த நாளில் கழற்றப்படும் என்று உங்களுக்கு முதலே தெரியும். இருமுடி கட்டும்போதே மனத்தின் ஒரு மூலை நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கடைசி நாளை எடுத்துவிடுவதுதான் உங்களுக்கு நான் சொல்கிற மருந்து.

அதனால் கார்த்திகை வரை பொறுக்கிற யோசனை வேண்டாம். பக்தியைக் குறை சொல்லவில்லை, வருகிற கார்த்திகைக்கும் சந்தோஷமாக மாலை போடுங்கள், ஆனால் சிகரெட் விடுகிற நாளாக அதை வைக்காதீர்கள். இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது, ஒரு நாளைக்கு 12 என்றால் அதற்குள் 3,000க்கு மேல் சிகரெட் போய்விடும், மகள் அந்த ஒன்பது மாதமும் உங்கள் சட்டையிலும் மூச்சிலும் இருக்கிற புகையோடுதான் உங்கள் மடியில் ஏறுவாள். பல்கனியில் நின்று பிடித்தாலும் இழுப்புள்ள பிள்ளைக்கு அது போதாது. காசையும் பாருங்கள், ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலே மாதம் 36,000 வருகிறது. இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறியுங்கள். கடையில் சரக்கு இறங்குகிற நாளும் மாதக் கணக்கு முடிக்கிற நாளும் வேண்டாம், ஒரு ஞாயிறோ போயா விடுமுறையோ நல்லது.

திடீரென்று விட்டால் உடம்புக்குக் கூடாது என்பது பிழை. நிக்கோட்டினை ஒரேயடியாக நிறுத்துவதால் உயிருக்கு எந்த ஆபத்தும் இல்லை, நீங்களே நாலு தரம் செய்திருக்கிறீர்கள். (இது சாராயத்துக்குப் பொருந்தாது. ஒவ்வொரு நாளும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம், அவர் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. கடையில் சொன்னவர் இரண்டையும் போட்டுக் குழப்பியிருப்பார்.) கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தவர்களையும் ஒரே நாளில் விட்டவர்களையும் பிரித்தானியாவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2016 இல் முடிவு வந்தது. நாலு வாரம் கழித்து, ஒரே நாளில் விட்டவர்களில் நூற்றுக்கு 49 பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள், குறைத்துக் குறைத்து விட்டவர்களில் 39 பேர். குறைக்கும்போது இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது, 12ஐ 6 ஆக்கினால் அந்த ஆறையும் மனிதர் ஆழமாக, அடி வரைக்கும் இழுக்கிறார்.

சரி, ஆசை வரும்போது என்ன செய்வது என்று கேட்டீர்கள். அது எங்கே வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். பெரும்பாலும் ஒரு பத்தரை மணிக்கு, லொறி வந்து நாட்டாமைமார் மூட்டை இறக்கி முடித்ததும், தெருமுனைத் தேத்தண்ணிக் கடைக்குப் போவீர்கள். கண்ணாடிக் கிளாஸில் பிளேன்டீ, பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்குகிற லைட்டர், பெட்டியிலிருந்து உருவித் தருகிற ஒற்றைச் சிகரெட். நீங்கள் கேட்கவே தேவையில்லை, உங்கள் முகத்தைக் கண்டதும் முதலாளி ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிடுவார். ஒற்றையாக வாங்கினால் கொஞ்சமாகப் பிடிப்போம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு தடவையும் அந்த வாசல் திறந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறீர்கள், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை திறந்துதான் இருக்கிறது.

குறித்த நாளுக்கு முன்னாலேயே அந்த முதலாளியிடம் போய், மாலை போட்ட நாட்களில் எப்படி எனக்குத் தர மாட்டீர்களோ அப்படியே இனியும் தராதீர்கள், கேட்டாலும் தராதீர்கள் என்று சொல்லுங்கள். கடையில் கூட வேலை செய்கிறவர்களிடமும் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், மாலைக்கு இருந்த மரியாதையை இதற்கும் அவர்கள் தருவார்கள். முதல் மூன்று நாலு வாரம் தேத்தண்ணியைக் கடைக்கு வரவழைத்து மேசையில் இருந்தே குடியுங்கள். தேத்தண்ணிக் கடைக் கூட்டாளிகளோடு கதைக்க ஆசையாக இருந்தால் அவர்களை உங்கள் கடைக்கு வரச் சொல்லலாம்.

ஆசை ஒன்று எழும்பி உச்சிக்குப் போய் இறங்குவதற்குப் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான் ஆகும், ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிடித்தாலும் அது இறங்கும், பிடிக்காவிட்டாலும் இறங்கும். இத்தனை வருடமாக ஒவ்வொரு முறையும் பிடித்தே இறக்கியதால் சிகரெட்தான் அதை இறக்குகிறது என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். ஆசை எழும்பியதும் நீங்கள் இருந்த இடத்தை விட்டு எழும்புங்கள், அது முக்கியம், உட்கார்ந்த இடத்தில் இருந்து அதை வெல்லப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வழி. கிடங்குக்குப் போய் ஒரு சரக்கை எண்ணிவிட்டு வாருங்கள், முகம் கழுவுங்கள், ஒரு கிளாஸ் தண்ணீரை மெல்ல மெல்லக் குடியுங்கள், மூச்சை ஆழமாக இழுத்து இன்னும் மெதுவாக விடுங்கள். வேகமாகக் கொஞ்ச நேரம் நடந்தாலே ஆசை குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பின்னேரம் பஸ்ஸால் இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு மரைன் டிரைவ் பக்கம் நடந்துவிட்டு வரலாம், பிள்ளை கையைப் பிடித்திருக்கும்போது அந்தக் கை வேறு எதையும் தேடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற ஆசைக்கு உடனே எழும்பிப் பல் விளக்குவது நல்ல வேலை செய்யும்.

அந்த ஐந்து நிமிடத்தில் மனம் ஒரு கதை சொல்லும்: இன்றைக்கு மட்டும், ஒன்று மட்டும். அதோடு வாதாடப் போக வேண்டாம், வாதாடினால் வாசல் திறந்துவிடும். “நான் பிடிப்பதில்லை” என்று மட்டும் சொல்லுங்கள். விட முயற்சி செய்கிறேன், குறைத்துக்கொண்டு வருகிறேன் என்றெல்லாம் மற்றவர்களிடமும் சொல்லாதீர்கள், அதைக் கேட்கிற கூட்டாளி அடுத்த நிமிடம் பெட்டியை நீட்டுவான்.

தேத்தண்ணி பற்றி இன்னும் ஒன்று, இது நிறையப் பேருக்குத் தெரியாது. சிகரெட் புகையில் இருக்கிற தார்ப் பொருட்கள் ஈரலைத் தூண்டி, தேயிலையிலும் கோப்பியிலும் இருக்கிற கஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. சிகரெட்டை விட்டதும் அந்த வேகம் போய்விடும், அதே ஆறு பிளேன்டீ குடித்தாலும் இரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தங்கிவிடலாம். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், இரவில் நித்திரை வராது, நீங்களோ சிகரெட் இல்லாததால்தான் இது என்று நினைத்துத் திரும்பப் பற்றவைப்பீர்கள். ஆகவே விடுகிற நாளிலிருந்தே தேத்தண்ணியைப் பாதியாக்குங்கள், பின்னேரத்துக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். இதே காரணத்தால் இழுப்புக்குக் கொடுக்கிற தியோபிலின், சில மனநோய் மருந்துகள் போன்றவற்றின் அளவும் மாற வேண்டி வரலாம், நீங்களோ இதை வாசிக்கிற வேறு யாருமோ ஒழுங்காக மாத்திரை எடுப்பவராக இருந்தால் விடுவதற்கு முன்பு உங்கள் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மாலையின் பாதுகாப்பு இந்த முறை இல்லை என்பதால் முதல் சில வாரங்களுக்கு மருந்தின் துணையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வேன். நிக்கோட்டின் சூயிங்கமும் தோலில் ஒட்டுகிற பட்டியும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2009 இலிருந்தே இருக்கின்றன. கொழும்பில் பெரிய பார்மசிகளில் சூயிங்கம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். காலையில் கண் விழித்து அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவர் என்றால் 4 மில்லிகிராம், அதற்குப் பிறகுதான் என்றால் 2 மில்லிகிராம். வாங்குகிறவர்களில் நிறையப் பேர் அதை மிட்டாய்ச் சூயிங்கம் போலச் சப்பித் தள்ளிவிட்டு, விக்கல் வருகிறது, வயிறு பிரட்டுகிறது, இது சரிவராது என்று தூக்கி எறிகிறார்கள். அப்படிச் சப்பக் கூடாது. மெதுவாகச் சப்பி, நாக்கில் மிளகு போல ஒரு உறைப்பு வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும், உறைப்பு போனதும் திரும்பச் சப்பி வேறு பக்கத்தில் ஒதுக்க வேண்டும், அப்படியே அரை மணித்தியாலம். போடுவதற்குக் கால் மணித்தியாலத்துக்கு முன்னும் வாயில் இருக்கும்போதும் கோப்பி, சோடா, பழச்சாறு எதுவும் குடிக்கக் கூடாது, குடித்தால் நிக்கோட்டின் உறிஞ்சப்படாது. ஆசை வந்த பிறகு தேடாமல் முதல் வாரங்களில் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று என்று நேரத்துக்குப் போடுங்கள். சிகரெட்டில் புற்றுநோய் தருவது புகைதான், நிக்கோட்டின் இல்லை, ஆகவே இதையும் பயந்து அரைகுறையாகப் போட வேண்டாம். வரெனிக்ளின், புப்ரோபியன் என்று மாத்திரைகளும் உண்டு, அவை வைத்தியர் பார்த்துத்தான் எழுத வேண்டும், வலிப்பு வருத்தம் உள்ளவருக்குப் புப்ரோபியன் ஆகாது.

வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று வெற்றிலை, பாக்கு, புகையிலை, பாபுல் என்கிற பாக்குக் கலவை பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். புறக்கோட்டையில் ஒவ்வொரு பத்தடிக்கும் அது கிடைக்கும், சிகரெட்டை விட்டவருக்கு அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். இலங்கை ஆண்களுக்கு ஆகக் கூடுதலாக வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். புகையிலை சேர்க்காத வெறும் பாக்குக்கூடப் புற்றுநோய் தரும் என்பது உறுதியாக நிறுவப்பட்ட விஷயம். கிராம்பு, ஏலக்காய், பெருஞ்சீரகம், கரட் துண்டு, இதில் எதை வேண்டுமானாலும் வாயில் போடுங்கள்.

விட்ட முதல் வாரங்களில் இருமல் கூடலாம், வாயில் புண் வரலாம், மலச்சிக்கல் வரலாம், பசி கூடும். எல்லாம் தற்காலிகம். எடை கொஞ்சம் ஏறும், ஒரு வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ, அதை நடந்து பார்த்துக்கொள்ளலாம். கோபம்தான் வீட்டில் பிரச்சினை. மனைவியிடம் முதலே சொல்லுங்கள், முதல் பத்து நாள் நான் சிடுசிடுப்பேன், அது உன் மேல் இல்லை என்று. அவரிடமும் ஒரு வார்த்தை: தங்கச்சி, அந்தக் கேள்வியை இந்த ஒரு மாதத்துக்குக் கேட்காமல் இருங்கள், சட்டையை மணந்து பார்ப்பதையும் விடுங்கள்.

கல்யாண வீடும் குடியும் தனிக் கதை. மண்டபத்துக்குப் பின்னால் கிளாஸோடு நிற்கிற கூட்டத்தில் போய் நின்றால் நான் மேலே சொன்ன எதுவும் உதவாது, இரண்டாவது கிளாஸோடு தீர்மானம் கரைந்துவிடும். முதல் இரண்டு மாதம் குடி வேண்டாம், அல்லது சாப்பிட்டதும் குடும்பத்தோடு கிளம்பிவிடுங்கள்.

எல்லாவற்றையும் மீறி ஒன்று பிடித்துவிட்டீர்கள் என்றால், அது ஒன்றுதான், எல்லாம் முடிந்துவிட்டது என்று பெட்டி வாங்கப் போக வேண்டாம். எந்த இடத்தில், யாரோடு நின்றபோது நடந்தது என்று பார்த்து அந்த இடத்தை மூடுங்கள். அதே நேரம், ஒன்றோடு நிறுத்திக்கொண்டு காலத்தை ஓட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று பிடிக்கிறவருக்கும், 20 பிடிக்கிறவருக்கு வருகிற மேலதிக மாரடைப்பு ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி வந்துவிடுகிறது. முழுதாக விட்டால் ஒரு வருடத்தில் அந்த ஆபத்து பாதியாகக் குறையும். உங்களுக்கு 37 தான், நாற்பதுக்கு முன்னால் விடுகிறவர்களுக்கு ஆகப் பெரிய பலன்.

யாரிடமாவது கதைக்க வேண்டும் போல இருந்தால், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். நெஞ்சு வலி, மூச்சு முட்டுதல் இருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று மறந்துவிடாதீர்கள். நீங்கள் விட்டு ஒரு மாதத்தில் மகளின் இழுப்பு குறைந்த மாதிரித் தெரியலாம், அதற்காக அவளுடைய இன்ஹேலரை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், வீட்டில் இப்போது யாரும் சிகரெட் பிடிப்பதில்லை என்று டொக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பதா இல்லையா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.